ரெண்டு ஸ்டாண்டு புளியங்கன்று

பாப்பா,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் பச்சை அட்டை நோட்டை எடுத்தது நான்தான். உன் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வூட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடினாயே, அந்த நோட்டுதான். "பழைய பேப்பர்காரருகிட்ட போட்டுட்டியாம்மா?" என்று உங்கம்மாவைப் பிடித்துக்கொண்டாய். அவளும் ஒருவேளை போட்டிருப்போமோ என்று தன்னையே சந்தேகப்பட்டு, அந்த ஆள் வூடு வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நானும் உங்களோடு சேர்ந்து பரண் மேலெல்லாம் தேடினேன். நல்லாவே தேடினேன். ஏணியிலிருந்து ஒரு தடவை வழுக்கக்கூடச் செய்தேன். அப்போது நோட்டு என் வயிற்றில், வேட்டிக்கும் பனியனுக்கும் நடுவில் இருந்தது. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு உன் கம்போஸ்ட் நோட்டு எதற்கு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோதே வாய் வரைக்கும் வந்தது. தீர்த்தமலைப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மரக்கன்று நர்சரி போடுகிறார்கள், அதை முழுசாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். எனக்குச் சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. "செம்மண்ணு ஒரு லோடு சொல்லியிருக்கேன்ப்பா, அடுத்த வாரம் வந்துடும். பாதி கம்போஸ்ட், பாதி மண்ணு. முழு கம்போஸ்ட்டை நம்பிப் பட்டது போதும்" என்றாய். நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அங்கெல்லாம் மழை எப்படிம்மா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டு, மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உன் வூட்டில் மாடே இல்லை. போனில் நீ நடுவில் நடுவில் "ம்… ம்…" என்று சொல்கிறாய், அதில் என் தைரியம் எல்லாம் கரைந்து போகிறது. பேப்பர் "ம்" சொல்லாது. அதனால் எழுதுகிறேன். அந்த லோடு வருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நீ காலேஜ் முடித்து வருவதற்கு முன்னால் நம் நர்சரி எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். கருப்புப் பை, செம்மண், மணல், கொஞ்சம் மாட்டெரு. எங்கப்பாவிடமிருந்து நான் கற்றது அவ்வளவுதான். கடத்தூர் சந்தைக்கு வருகிற பாதிப் பேர் நம்மிடம்தான் புங்கனும் வேம்பும் வாங்கினார்கள், அதனால் எனக்கு நான் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு. நீ வந்து நின்ற முதல் மாதமே ஆரம்பித்தாய். "பை கனமா இருக்குதுப்பா, அம்மாவுக்கு இடுப்பு போவுது. அதுக்குள்ள வேர் சுத்திக்கிட்டே இருக்குது. இனிமே கப்பு வாங்கலாம். மண்ணே வேணாம், கம்போஸ்ட்டு மட்டும் போதும்." நான் சிரித்தேன். உள்பக்கம் வரிவரியாக இருக்கிற, அடியில் ஓட்டை வைத்த அந்தப் பிளாஸ்டிக் கப்பை என் கையில் கொடுத்தாய். நான் அதில் டீ ஊற்றிக் குடிக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். நீ கோபிக்கவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பயம். "அத்தை வூட்டு புங்கனைப் போய் பாருங்க" என்று மட்டும் சொன்னாய்.

அதியமான்கோட்டையில் உன் அத்தை வூட்டு வாசலில் நான் நட்ட மரம் அது. நான் பையில் வளர்த்தது, நானே குழி வெட்டி வைத்தது. நல்ல நிழல் தந்துகொண்டிருந்த மரம், ஒரு சாதாரணக் காற்றுக்கு அடியோடு சாய்ந்து போய்க் கிடந்தது. நான் போய்ப் பார்த்தபோது உன் அத்தை அடிவேரைக் காட்டினாள். தலையில் சுமை வைக்கத் துணியைச் சுற்றிச் சும்மாடு கட்டுவோமே, அச்சு அசல் அதே மாதிரி வேர் வட்டம் போட்டுச் சுற்றியிருந்தது. பைக்குள் இருக்கும்போது சுற்ற ஆரம்பித்தது, தரைக்கு வந்த பிறகும் தான் பைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. கீழே ஒரு வேர்கூட இறங்கவில்லை. "உன் மரம் படுத்து ரெஸ்ட் எடுக்குதுண்ணா" என்றாள் அத்தை. நான் திரும்பி வந்து உன்னிடம், "மரம் நல்லாத்தான் இருக்குது, கொஞ்சம் சாஞ்சிருக்குது" என்று சொன்னேன். அதுவும் பொய். இந்தக் கடிதத்தில் பொய் நிறைய வரும், எண்ணிக்கொண்டே வா.

அப்புறம்தான் நீ மாதையன் அண்ணனின் பட்டுப்புழு ஷெட்டுக்குப் போய்ப் பேசினாய். புழு தின்று மீதி வைத்த மல்பெரித் தண்டு, காய்ந்த இலை, புழுவின் எச்சம், எல்லாம் அவருக்குத் தொல்லை, நமக்கு வேண்டும் என்று. அவர் எடுத்துக்கொண்டு போனால் போதும் சாமி என்று கொட்டிக் கொடுத்தார். நீ அதைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் எழுப்பினாய். நான் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எம்பொண்ணு பதினஞ்சு வருசம் படிச்சதுக்கு இப்பத்தான் பலன் வந்துச்சு, புழு பேண்டதைக் கரண்டி போட்டுக் கிளர்றா" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தேன். உனக்கு 'குப்பை மேடம்' என்று பேர் வைத்ததும் நான்தான், மாதையன் அண்ணன் இல்லை. பாவம், அவரிடம் நீ ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் பாப்பா, காலையில் அந்தக் குவியலை நீ புரட்டும்போது ஆவி வரும் பார், அதைப் பார்க்க நான் தினமும் பல்குச்சியோடு வந்து நின்றேன். அடுப்பு இல்லை, தீ இல்லை, உள்ளே கை வைத்தால் சுடுகிறது. ஒருநாள் உனக்குத் தெரியாமல் ரெண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கை உள்ளே புதைத்து வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் அரைவேக்காடாக வெந்திருந்தது. உங்கம்மா வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு, அதை எருமைக்குப் போட்டாள். எருமை சாப்பிட்டது. சூடு ஆறி, கரேல் என்று உதிரியாக ஆன பிறகும் நீ விடவில்லை. சல்லடையில் சலித்து, ஒரு தட்டில் போட்டு, அதில் கைப்பிடி ராகியைத் தூவினாய். "ராகி கருகாம முளைச்சு வந்தா இது வெந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி விதை போட்டா விதை வெந்துடும்" என்றாய். நாலாம் நாள் தட்டு முழுக்கப் பச்சையாக நின்றது. நான் டீக்கடைக்குப் போய் அதைச் சொல்லவில்லை. கேலியை ஊருக்கே சொன்னவன், ராகி முளைத்ததைச் சொல்லவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். நாலு ஸ்டாண்டு நிறையக் கப்பு அடுக்கி, எல்லாவற்றிலும் கம்போஸ்ட்டை மட்டும் நிரப்பி வைத்தாய். மறுநாள் நல்ல நாள், புளிய விதை ஊன்ற வேண்டும். அன்றைக்கு மத்தியானம் உன் சிநேகிதி வூட்டு வளைகாப்புக்கு நீயும் உங்கம்மாவும் கிளம்பிப் போனீர்கள். நான் தனியாக நிழல்வலைக்குள் நின்றேன். கப்புக் கப்பாகப் பார்க்கிறேன், ஒன்றிலும் ஒரு சிட்டிகை மண்கூட இல்லை. எங்கப்பா முதல் பையை நிரப்பும்போது கிணற்றுமேட்டுப் பாம்புப் புத்திலிருந்து ஒரு கை மண் எடுத்துப் போட்டுக் கும்பிடுவார். நானும் ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் செய்தேன். மண்ணே படாமல் முளைத்த கன்றை நாளைக்குத் தரையில் வைத்தால், இது யார் வூட்டுப் பிள்ளை என்று பூமி கேட்காதா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஒரு கை போட்டுக் கும்பிட்டிருந்தால் ஒன்றும் இல்லை. நான் கோணிப்பையை எடுத்துக்கொண்டு போனேன். பாம்பு இல்லாத பக்கமாகப் பார்த்து, புத்தை அரைப்பங்கு சுரண்டிக்கொண்டு வந்தேன். முன்வரிசை ரெண்டு ஸ்டாண்டில் இருந்த கப்பையெல்லாம் கொட்டி, பாதிக்குப் பாதி புத்துமண் கலந்து, திரும்ப நிரப்பி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தியும் வைத்தேன். மேலே மட்டும் உன் கம்போஸ்ட்டைத் தூவி மூடிவிட்டேன். மூன்றாவது ஸ்டாண்டுக்கு வரும்போது கோணி காலி. மறுபடி போக முதுகு இடம் கொடுக்கவில்லை. பின்வரிசை ரெண்டும் அதனால் தப்பித்தது. என் முதுகுவலிக்கு நீ நன்றி சொல்ல வேண்டும்.

நீ வந்து விதை ஊன்றினாய். எல்லாம் முளைத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், பெண்ணின் படிப்பையும் காப்பாற்றிவிட்டேன், சாமியையும் கோபப்படுத்தவில்லை என்று. ஒரு மாதம் போனதும் நீ முன் ஸ்டாண்டு கப்பு ஒன்றைத் தூக்கி மூக்கிடம் வைத்துப் பார்த்தாய்.

"ஏம்ப்பா, இதுல மண்ணு வாசம் வருதே?"

"கம்போஸ்ட்டும் கடைசியில மண்ணுதானம்மா."

"தண்ணி கீழ எறங்கவே மாட்டேங்குதே."

"எறங்கும். அவசரப்படாத. நீ எப்பவும் இப்படித்தான்."

நீ தலையை ஆட்டிக்கொண்டு போனாய். டீக்கடையில் உன்னைக் கேலி செய்து ஊரையே சிரிக்க வைத்தவன் சொன்ன பேச்சை, என் அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு போனாய்.

ஓசூர்ப் பக்கமிருந்து ஏரிக்கரையில் நடக் கன்று வாங்க ஒருத்தர் வந்தாரே, அந்த நாள். வெள்ளைச் சட்டை, கையில் பென்சில். நீ மூன்று நாளாகத் தூங்கவில்லை. கப்புக் கன்றை இவர் எடுத்துக்கொண்டால் இனிமேல் பையே வேண்டாம், முழுக்கக் கம்போஸ்ட்டுக்கு மாறலாம் என்று உன்னிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் நேராகப் பின்வரிசைக்குத்தான் போனார், பாப்பா. அங்கே கன்று தளதள என்று நின்றது. நான்தான் கையைப் பிடிக்காத குறையாக, "சார், இந்தப் பக்கம் பாருங்க, இதுதான் கெட்டியா வளர்ந்திருக்குது" என்று முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். புத்துமண் போட்டதாயிற்றே. அவர் ஒரு கப்பை எடுத்து, கன்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தட்டினார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார், தண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது, வேர் உள்ளேயே நின்றது. கப்பைக் கவிழ்த்துத் தரையில் தட்டினால் ஒரு கட்டி விழுந்தது. உடையக்கூட இல்லை.

"என்னம்மா, நர்சரி வெச்சிருக்கியா, செங்கல் சூளை வெச்சிருக்கியா?" என்றார்.

நீ அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "கலவை என்னுதுங்க சார். தப்பு என்னுதுதான்" என்றாய். நான் ரெண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்துவிட்டுப் பின்வரிசையைப் பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. ஒரு அந்நிய ஆள் முன்னால் நான் முட்டாளாக வேண்டாம் என்று, என் பெண்ணை நிற்க வைத்தேன். அவர் கருப்புப் பைக் கன்றுகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நீ உள்ளே போய் அந்த நோட்டில் எழுதினாய். மூன்று வரிதான். "முன் ரெண்டு ஸ்டாண்டும் இறுகிவிட்டது. குவியலின் அடிப்பகுதியிலிருந்து நிரப்பியது காரணமாக இருக்கலாம். இனி பாதி செம்மண் சேர்த்தால்தான் பயமில்லை." எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த மூன்றாவது வரியை அடிக்கத்தான் நோட்டை எடுத்தேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன். என் கையெழுத்தில் அடித்தால் உனக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் அடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அப்படியே மோட்டார் ரூமில் அரிசிப் பைக்கு அடியில் வைத்துவிட்டேன். நீயோ அந்த மூன்று வரியை நோட்டே இல்லாமல் மனப்பாடமாக உன்கூடக் கொண்டுபோய்விட்டாய்.

மீதியையும் கேள். அந்த ஆள் போன பிறகு, நீ கிணற்றடியில் முகம் கழுவப் போனபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கப்பை எடுத்து லேசாகத் தட்டினேன். கன்று வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. வெள்ளை வெள்ளையாக வேர், கப்பின் வரியில் நேராக இறங்கி, கம்போஸ்ட்டைக் கூடை பின்னின மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு உதிரவில்லை. எங்கும் சுற்றவில்லை. நான் முப்பது வருசமாகக் கன்று வளர்க்கிறேன், அப்படி ஒரு வேரைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அந்த ரெண்டு ஸ்டாண்டுக் கன்றையும் நம் ஏரிக்கரையில் நானே நட்டேன், சும்மா கிடக்கிறதே என்று உன்னிடம் சொல்லிவிட்டு. போன மாதம் மாதையன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கன்றெல்லாம் என் தலைக்கு மேல் போய்விட்டது. போன ஐப்பசிக் காற்றுக்கு ஒன்றுகூடச் சாயவில்லை. அவர் ஒரு மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "இதெல்லாம் எம் புழு போட்டதுதானே" என்று பெருமையாகக் கேட்டார். "புழு உன்னுது, மூளை எம்பொண்ணுது" என்றேன்.

நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து நம் நர்சரியில் ஒரு சட்டி மண்கூடக் கலப்பதில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம், "ஆமாம்மா, பாதிக்குப் பாதிதான்" என்று சொன்னேனே, அது சும்மா. முன்னால் உனக்குத் தெரியாமல் மண்ணைப் போட்டேன், இப்போது உனக்குத் தெரியாமல் மண்ணை எடுத்துவிட்டேன். முழுக்க உன் கம்போஸ்ட்டு. குவியல் போடுவது, புரட்டுவது, ராகித் தட்டு, எல்லாம் நீ எழுதினபடியே, நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான். உங்கம்மா ஒரு தட்டு நிறையக் கப்பைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்து அவள் அக்காவோடு பேசிக்கொண்டே நடக்கிறாள். இடுப்பைப் பற்றிய பேச்சே இப்போது இல்லை, பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. கன்று வாங்க வருகிறவர்கள் யாரிடம் கற்றாய் என்று கேட்டால், "எம்பொண்ணு முறை இது" என்கிறேன். டீக்கடையிலும் சொல்லிவிட்டேன், சத்தமாக. 'குப்பை மேடம்' எப்போது வருவாங்க என்று அவர்கள் இப்போது மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். ஊருக்கெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லாதது உன்னிடம் மட்டும்தான்.

அதனால் அந்த செம்மண் லோடை வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்துவிட்டால் வாசலில் கொட்டி மேடாக்கிக்கொள், கப்புக்குள் போடாதே. உன் கலவை சரி. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது. உன்கூட வேலை செய்யும் பெண்களில் யாராவது சாமிக்கு என்று ஒரு கை மண் போட வேண்டும் என்றால், சண்டை பிடிக்காதே. ஒரே ஒரு கப்பைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிடு, அதில் போட்டுக் கும்பிடட்டும். என்னையும் அப்படி ஒரு கப்போடு நிறுத்தியிருந்தால் போதும், ஆனால் அதற்கு நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டுமே. இன்னொன்று. ஏதாவது கெட்டுப்போனால் உடனே தப்பு என்னுது என்று சொல்லாதே. அது நல்ல குணம்தான், உங்கம்மாவிடமிருந்து வந்தது. சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உங்கப்பன் மாதிரி எவனாவது நிற்கிறானா என்று. குவியலைப் புரட்ட மாப்பிள்ளையைக் கூப்பிடு. அவர் வெள்ளை வேட்டியோடு வந்தால் அனுப்பிவிட்டு, லுங்கியோடு வரச் சொல்.

நான் எழுதினதை நம்புவாயோ மாட்டாயோ. மாட்டாய், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். அதனால் நோட்டோடு ஒரு சாட்சியும் அனுப்புகிறேன். இந்த வருசத்துப் புளியங்கன்று ஒன்று, முழு கம்போஸ்ட்டில் வளர்ந்தது. கப்பிலிருந்து எடுத்து, பிரித்ததும் வேர் தெரிகிற மாதிரி அடியை மட்டும் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டியிருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு, உன் நர்சரி வாசலில் நட்டுவிடு. முதல் கன்று என்னுதாக இருக்கட்டும். நூறு கன்றுக்கு மேல் எடுத்து எடுத்துப் பார்த்து, இலை, தண்டு, உயரம் எல்லாம் அழகாக இருக்கிறதாக இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். காலையிலிருந்து உங்கம்மாவிடம் மூன்று தடவை காட்டிவிட்டேன்.

மீதியைக் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரூர் பஸ் இன்னும் வரவில்லை. கண்டக்டர் தெரிந்தவர்தான், மாப்பிள்ளை கைக்கே கொடுத்துவிடுவார். கன்றைப் பெஞ்சு மேல் வைத்துவிட்டு, ஒரு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. கன்றுக்கு இப்போது இலை இல்லை. தண்டும் விரல் நீளத்துக்குத்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன், "பார்த்தேன், உங்க ஆடுன்னு நெனச்சேன்" என்றார். வேரைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. நீ பார்க்க வேண்டியது அதைத்தான். அனுப்பியிருக்கிறேன்.

உங்கப்பா